நம் கையால் ஓர் இருக்கை

2016ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னையை ஒட்டிக் கரையைக் கடந்தபோது, அக்கம்பக்க மாவட்டங்களில் எண்ணற்ற மரங்கள் வேரோடு சாய்ந்தன. செங்கற்பட்டில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்ற வேப்பமரமும் அவற்றுள் ஒன்று. மர்ஹூம் அத்தா அவர்கள் தம் கையால் நட்டு வளர்த்த மரம் அது. மறுநாளே விறகுக்கு விலை பேச ஆட்கள் வந்துவிட்டனர். அம்மா மட்டும் வாசற்படியைவிட்டு நகரவில்லை.

"உங்க அத்தா வச்ச மரம். அதை அடுப்புக்கு அனுப்ப எனக்கு மனசு வரலைப்பா" என்றார்.

அம்மாவுக்கு நெடுநாளாக மூட்டு வலி. நின்று தொழ இயலாமல், பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்தே தொழுதுவந்தார். வழவழப்பான தரையில் அந்த நாற்காலி அவ்வப்போது பின்னுக்கு வழுக்கும். அத்தா வைத்த மரத்திலேயே அம்மா அமர்ந்து தொழ உறுதியான ஓர் இருக்கை செய்தால் என்ன என்ற எண்ணம் அப்போதுதான் தோன்றியது. அதுவும் என் கையாலேயே! அதுவரை எழுதுகோலைத் தவிர வேறு கருவியைப் பிடித்தறியாதவன் நான்.

வீட்டுக்கு வேண்டிய மரச்சாமான்களைத் தாமே செய்துபார்க்க விரும்பும் வாசகர்களுக்கு, அதில் நான் பட்டுத் தெளிந்தவற்றைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவசரம் தந்த பாடம்

அடிமரத்தை அறுவை மில்லுக்கு எடுத்துச் சென்று பலகைகளாகவும் சட்டங்களாகவும் அறுத்து வந்தேன். மார்ச் மாதத்திற்குள் இருக்கை தயாராகிவிட்டது. வார்னிஷ் பூசி, அம்மாவின் அறையில் வைத்தபோது எனக்குள் எழுந்த பெருமையை மறைப்பானேன்!

அவ்வாண்டு மே இறுதியில், கத்திரி வெயில் முடியும் தறுவாயில், ரமலான் தொடங்கியது. தராவீஹ் தொழுகையின் மூன்றாம் இரவு. இருக்கையின் நடுப்பலகை 'படீர்' என்று நீளவாக்கில் வெடித்தது. ஒரு கால் ஆட்டங்கண்டு சாய்ந்தது. அல்ஹம்து லில்லாஹ், அம்மா சுவரைப் பற்றிக்கொண்டார், கீழே விழவில்லை. அவர் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணும்போது இன்றும் நெஞ்சு பதறுகிறது.

எங்கள் தெருவில் வசிக்கும் முதிய தச்சு ஆசாரி ஒருவரிடம் உடைந்த இருக்கையைக் காட்டினேன். அவர் வெடிப்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாய், நீங்க அறுத்துட்டீங்க. ஆனா அது இன்னும் மரமாத்தான் இருந்துச்சு. பலகையா ஆகலை."

மரம் ஏன் வெடிக்கிறது?

அந்த ஒரு வாக்கியத்தில் தச்சுக் கலையின் பாதி அடங்கியிருக்கிறது. பச்சை மரத்தில் நீர் இரண்டு வகையாகத் தங்கியிருக்கும். நுண்ணறைகளின் உள்ளே தேங்கிய நீர் ஒன்று. அவ்வறைகளின் சுவர்களில் ஊறிய நீர் மற்றொன்று. முதல் வகை நீர் வெளியேறும்போது மரத்தின் அளவு மாறுவதில்லை. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ 25 முதல் 30 சதவீதத்திற்கும் கீழே ஈரம் குறையத் தொடங்கியதும், சுவர்களில் ஊறிய நீர் வெளியேறுகிறது, மரம் சுருங்குகிறது.

இந்தச் சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக நிகழ்வதில்லை. நீளவாக்கில் மிகச் சொற்பம். அகலவாக்கில்தான் அதிகம். அதிலும் ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏற்படுவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. பலகைகள் கோணுவதும் வளைவதும் இந்த ஏற்றத்தாழ்வினால்தான். நானோ ஈரம் காயாத பலகையைச் சட்டத்தோடு பசையிட்டு, ஆணியும் அறைந்து இறுக்கியிருந்தேன். சுருங்க இடமில்லாத பலகை வெடிக்காமல் என்ன செய்யும்?

ஓர் அங்குலக் கனத்திற்கு ஓராண்டு உலர்த்த வேண்டும் என்பது தச்சர்கள் வழிவழியாகக் கொண்ட கணக்கு. பலகைகளை நிழலில், தரையிலிருந்து உயர்த்தி அடுக்கி, ஒன்றுக்கொன்று இடையே ஒரே கனமுள்ள குச்சிகளை வைத்துக் காற்றோட்டம் தர வேண்டும். முனைகள் வழியே ஈரம் விரைந்து வெளியேறுவதால் அங்குதான் முதலில் வெடிப்பு விழும். ஆகவே இரு முனைகளிலும் பெயின்ட் அல்லது மெழுகு பூசிவைப்பது நலம்.

நன்கு உலர்ந்த மரமும் உறங்கிவிடுவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரத்தை வாங்கி விரிகிறது. சித்திரை வெயிலில் அதைக் கக்கிச் சுருங்குகிறது. 12 அங்குல அகலமுள்ள பலகை இவ்விரு பருவங்களுக்கிடையே ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு வரையிலும் மாறக்கூடும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் மரவேலைக்குரிய ஈரப்பத அளவுகளைப் பரிந்துரைக்கையில் நாட்டை நான்கு தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரித்திருப்பதும் இதனால்தான்.

கடற்கரை சொல்லித் தருவது

நம் வட்டாரத்தில் இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட மகேந்திரவர்ம பல்லவனின் மண்டகப்பட்டுக் கல்வெட்டு, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஆகியவை இன்றிக் கோயில் அமைத்ததைச் சிறப்பாகக் குறிப்பிடுகிறது. அதற்கு முன்னர் மரமே கட்டடங்களின் முக்கியப் பொருளாக இருந்தது என்பதை அதனால் உணரலாம். மாமல்லபுரத்தின் ஒற்றைக்கல் ரதங்களைக் கூர்ந்து நோக்கினால், கூரை வளைவும் உத்தர அமைப்பும் மரவேலையின் சாயலையே காட்டும். திரௌபதி ரதம் கூரை வேய்ந்த குடிசையின் கல்வடிவம். சிற்பிக்கு முன்னோடி தச்சனே! 1957இல் மாமல்லபுரத்தில் தொடங்கப்பட்டு, இன்று அரசினர் கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியாக விளங்கும் நிறுவனத்தில் கற்சிற்பத்தோடு மரச்சிற்பமும் பயிற்றுவிக்கப்படுகிறது.

அதே கடற்கரையின் மற்றோர் ஆசான் கட்டுமரம். கண்ணாடியிழைப் படகுகள் பெருகிவிட்ட பின்னர், குறிப்பாக 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பிறகு, கட்டுமரங்கள் அருகிவிட்டன. ஆயினும் அவற்றின் அமைப்பு எண்ணிப் பார்க்கத்தக்கது. இலேசான மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியிருப்பார்கள். அலை மோதும்போது மரங்கள் சற்றே அசைந்து கொடுக்கும், ஆனால் பிரியா. அசைய இடம் கொடுத்த இணைப்பு நிலைக்கும். அசையவிடாமல் இறுக்கிய இணைப்பு உடையும். என் முதல் இருக்கை உடைந்ததற்கான காரணமும் இதுவே.

கடற்காற்றுக்கு இன்னொரு குணமும் உண்டு. கோவளத்தில் வசிக்கும் என் தங்கைக்கு ஒரு புத்தகத் தட்டு செய்து கொடுத்தேன். இரண்டே மழைக்காலங்களில் இரும்பு ஆணிகள் துருவேறிப் பலகையெங்கும் கறுப்புக் கறை படிந்துவிட்டது. கடலோர வீடுகளுக்குப் பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளையே பயன்படுத்த வேண்டும்.

எந்த மரத்தைத் தேர்ந்தெடுப்பது?

தேக்கு குறைவாகச் சுருங்கும். கறையானுக்கு எளிதில் இரையாகாது. ஆனால் விலை அதிகம். பழகுபவர் புதுத் தேக்கில் கைவைக்க வேண்டியதில்லை. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் கதவு, சன்னல் சட்டங்கள் பல்லாண்டுகள் உலர்ந்தவை. பழைய மரக்கடைகளில் அவற்றைத் தேடலாம். அறுக்குமுன் உள்ளே ஆணி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வேம்பு உறுதியானது, ஆனால் நார் பின்னிக் கிடப்பதால் இழைப்பது கடினம். பூவரசு கடலோர மண்ணிலும் நன்கு வளரும். சிறு சாமான்களுக்கு ஏற்றது. மா மலிவானது, எனினும் வண்டு எளிதில் துளைக்கும். சவுக்கு நம் கடற்கரையெங்கும் விளைந்தாலும், உலரும்போது வெடிக்கும் இயல்புடையதாகையால் சாரத்துக்கும் விறகுக்கும்தான் பொருந்தும்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதிகளின் தொழிற்சாலைகளுக்கு இயந்திரங்கள் வந்திறங்கும் பெட்டிகளின் பைன் மரம் மென்மையானது, பழகுவதற்கு உகந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த பெட்டிகளில் பன்னாட்டு விதிப்படி ஒரு முத்திரை இருக்கும். 'எச்.டி.' என்ற எழுத்துகள் இருந்தால் அது வெப்பத்தால் பதப்படுத்தியது. 'எம்.பி.' என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுப்புகையால் பதப்படுத்தியது. அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

வேம்பு உலரும் இரண்டாண்டுகளும் நான் இந்தப் பெட்டி மரத்தில்தான் கை பழகினேன்.

கருவிகளும் முதல் வேலையும்

தொடக்கத்தில் கருவிகள் அதிகம் வேண்டியதில்லை. ஒரு கைவாள், ஓர் இழைப்புளி, அரை அங்குலத்திலும் கால் அங்குலத்திலுமாக இரண்டு உளிகள், கொட்டாப்புளி, மூலைமட்டம், அளவுநாடா, இரண்டு கிளாம்புகள், சாணைக்கல் இவையே போதும். உளியைத் தீட்டக் கற்பதுதான் முதற்பாடம். மழுங்கிய உளியை அழுத்தித் தள்ளவேண்டியிருப்பதால், கைநழுவிக் காயம் படுவது அதனால்தான் அதிகம்.

அமரும் இருக்கையின் உயரம், அமர்பவரின் முழங்கால் மடிப்பிலிருந்து தரை வரையுள்ள அளவாக இருக்கட்டும். அம்மாவுக்கு அது 16 அங்குலம். மேற்பலகை 15க்கு 12 அங்குலம். ஒன்றே முக்கால் அங்குலச் சதுரக் கால்கள் நான்கு. அவற்றை இணைக்கும் மேற்சட்டங்கள் 3 அங்குல அகலம், ஓர் அங்குலக் கனம். கீழே குறுக்குச் சட்டங்களும் வேண்டும். ஒவ்வொரு சட்டத்தின் முனையையும் செதுக்கி, அதன் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கழுந்து எடுங்கள். காலில் அதற்கேற்பத் துளையிட்டுச் செருகுங்கள். கையால் அழுத்தினால் இறங்க வேண்டும். தானாக விழவும் கூடாது, சுத்தியலால் அடித்து இறக்கும்படியும் இருக்கக் கூடாது.

பசையிட்டு இறுக்கியதும் எதிரெதிர் மூலைகளின் தூரத்தை அளந்து பாருங்கள். இரண்டும் சமமாயின் சட்டம் கோணவில்லை என்று பொருள். மேற்பலகைக்கு மட்டும் பசை வேண்டாம். சட்டத்தின் உட்புறமிருந்து திருகாணியால் பிணையுங்கள். திருகாணி நுழையும் துளையைப் பலகையின் அகலவாக்கில் சற்று நீட்டி விட்டால், மழையிலும் வெயிலிலும் பலகை விரிந்து சுருங்க வழி கிடைக்கும். வார்னிஷைப் பலகையின் மேற்புறத்தைப் போலவே அடிப்புறத்திலும் பூசுங்கள். ஒரு புறம் மட்டும் பூசினால் வளையும். முதியவரை அமரச் செய்யுமுன், வீட்டில் எடை மிகுந்தவர் அதில் அமர்ந்து நன்கு அசைத்துப் பார்க்கட்டும்.

குர்ஆன் வைக்கும் ரிஹாலை முதலில் செய்யவே பலரும் ஆசைப்படுவர். நல்ல ரிஹால் ஒரே பலகையைப் பிளந்து, நடுவில் கீல் போன்ற பற்களை அந்தப் பலகையிலேயே வெட்டிச் செய்யப்படுவது. உத்தரப் பிரதேசத்தின் சஹாரன்பூர்க் கைவினைஞர்கள் இத்தகைய மரச்செதுக்கு வேலையில் பெயர்பெற்றவர்கள். கை பழகிய பிறகு அதில் இறங்குவதே முறை.

எச்சரிக்கை தேவை

உளியின் முனைக்கு முன்னே மற்றொரு கையை வைக்காதீர்கள். மின்கருவிகளை இயக்கும்போது தொங்கும் முந்தானை, துப்பட்டா, தளர்ந்த சட்டைக்கை கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995இலேயே மரத்தூளைப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆகவே முகக்கவசம் அணிந்து, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்து உலர்த்திய பின்னரே அப்புறப்படுத்துங்கள்.

பணம் மிச்சமாகும் என்று எண்ணி மட்டும் இதில் இறங்காதீர்கள். கருவிச் செலவையும் வீணாகும் மரத்தையும் கணக்கிட்டால், முதல் இருக்கை கடை விலையைவிடக் கூடுதலாகவே முடியும். ஆனால் ஒன்று நிச்சயம்: ஆசாரியின் கூலியைக் குறைத்துப் பேசும் வழக்கம் அதன் பிறகு நம்மைவிட்டு அகன்றுவிடும். நபி ஜகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்ற செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. கைத்தொழிலின் கண்ணியத்திற்கு வேறு சான்று வேண்டுமா?

2019ஆம் ஆண்டு மே மாதம், ரமலான் பிறக்குமுன், இரண்டாவது இருக்கையை முடித்தேன். ஆசாரியே முதலில் அமர்ந்து, இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தார். "இது பலகை" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து எத்தனையோ மழையும் கோடையும் கடந்துவிட்டன. அம்மா இன்றும் அதில் அமர்ந்துதான் தொழுகிறார்.

அந்த வேப்பமரத்தில் இன்னும் இரண்டு பலகைகள் பரணில் இருக்கின்றன. உடைந்த முதல் இருக்கையையும் அவற்றின் அருகிலேயே வைத்திருக்கிறேன். இப்போது என் மகள் உளி தீட்டப் பழகிவருகிறாள். இன்ஷா அல்லாஹ், அடுத்து என்ன செய்வது என்பதை அவள் முடிவு செய்வாள். ஆனால் தொடங்குமுன் அந்த வெடித்த பலகையை ஒருமுறை விரலால் தடவிப் பார்க்கச் சொல்வேன்.