பீஸ் ரேட்டும் சினிமாதான்: ஐரோப்பியத் தயாரிப்பில் வந்த 3 'கம்பெனி' படங்கள்

வெண்ணெய்க்குப் பேர்போன ஊர் ஊத்துக்குளி. ஆனால், காலையில் இங்கிருந்து ரயிலிலும் பஸ்ஸிலும் கிளம்புகிறவர்களில் பலருக்கு வேலை திருப்பூர் பனியன் கம்பெனிகளில்தான். அங்கே தைக்கிற டி-ஷர்ட் ஐரோப்பியக் கடைகளுக்குப் போகிறது. இதேபோல துணி, தையல் வேலை செய்கிறவர்களைப் பற்றி ஐரோப்பியப் பணத்தில் வந்த சுயாதீனப் படங்கள் என்ன சொல்கின்றன?

ஐரோப்பியப் படம்னா அங்கே எடுத்ததா?

அப்படி இல்லை. கதை நடப்பது ஆசியாவாக இருக்கலாம். இயக்குநரும் ஆசியக்காரராக இருக்கலாம். பணமும் தயாரிப்பும் பல நாடுகளிலிருந்து சேர்ந்து வரும். இதுதான் கூட்டுத் தயாரிப்பு. கீழே உள்ள மூன்றும் அந்த வகைதான்.

மெஷின்ஸ் (2016)

ராகுல் ஜெயின் இயக்கிய இந்திய-ஜெர்மனி-பின்லாந்து ஆவணப்படம். இடம், குஜராத்தின் சூரத் பக்கம் ஒரு துணி ஆலை. பின்னணிக் குரல் கிடையாது. மெஷின் சத்தம்தான் பேசுகிறது. 12 மணி நேர ஷிப்ட், வேலைக்கு நடுவே தூக்கத்தில் சாயும் பையன் என்று காட்சிகள் நகர்கின்றன. 2017 சண்டான்ஸ் விழாவில் ஒளிப்பதிவுக்கு விருது வாங்கியது. ஒரு கட்டத்தில் தொழிலாளர்களே கேமராவைச் சூழ்ந்து, 'நீங்களும் பார்த்துட்டுப் போயிடுவீங்க, எங்களுக்கு என்ன ஆகப்போகுது' என்கிற ரீதியில் கேட்கிறார்கள். படத்தின் உச்சம் அதுதான். குறை என்ன? அழகாகத் தெரிகிற அந்த முகங்களுக்குப் பெயர் இல்லை.

மேட் இன் பங்களாதேஷ் (2019)

இது கதைப்படம். ரூபையத் ஹொசைன் இயக்கம். பிரான்ஸ், டென்மார்க், போர்ச்சுகல் கூட்டு. டாக்காவில் தையல் வேலை செய்யும் ஷிமு, கம்பெனியில் நடந்த தீ விபத்துக்குப் பிறகு சங்கம் தொடங்கப் பார்க்கிறாள். மேலாளர், அரசு அலுவலகம், வீட்டில் கணவன் என எல்லாப் பக்கமும் முட்டுக்கட்டை. கையெழுத்து சேகரிப்பதையே விறுவிறுப்பாக்கி விடுகிறது திரைக்கதை.

யூத் (ஸ்பிரிங்) (2023)

வாங் பிங் இயக்கிய இந்த ஆவணப்படம் பிரான்ஸ், லக்சம்பர்க், நெதர்லாந்து தயாரிப்பு. 2023 கேன் போட்டிப் பிரிவில் திரையானது. சீனாவின் ஜிலி நகரில், குழந்தைகள் உடை தைக்கும் சின்னச் சின்னப் பட்டறைகளில் 2014 முதல் 2019 வரை எடுத்தது. மூன்றரை மணி நேரம். பொறுமை வேணும்!

ஆனால், இங்கே ஒவ்வொருவருக்கும் பெயர், வயது, ஊர் உண்டு. காதலிக்கிறார்கள், கிண்டலடிக்கிறார்கள், முதலாளியிடம் பீஸ் ரேட்டை ஏத்தித் தரச் சொல்லி மல்லுக்கட்டுகிறார்கள். திருப்பூரில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மூன்றில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

இதனால என்ன?

ஜெர்மனியில் 2023-ல் அமலுக்கு வந்த சட்டப்படி, பெரிய நிறுவனங்கள் தங்களுக்குச் சரக்கு தருபவர்களிடம் மனித உரிமை மீறல் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். அதற்காக வரும் ஆடிட்டர், தீயணைப்புக் கருவியையும் சம்பளப் பதிவேட்டையும் பார்ப்பார். பீஸுக்கு ஒரு ரூபாய் கூட்டச் சொல்லிக் கேட்டவருக்கு மறுவாரம் வேலை இருந்ததா என்பது அந்தப் பதிவேட்டில் இருக்காது.

வாங் பிங்கின் கேமரா நின்று பார்ப்பது அந்தப் பேரத்தைத்தான். டி-ஷர்ட் வாங்குகிற ஐரோப்பியரும் அதைத்தான் பார்க்கணும்.