உருகியும் இடைப்பிரிப்பியும்

மின்சார மகிழுந்துகளின் மின்கலப் பெட்டியுள் அமைந்த காப்புறுப்புகளுள் சிறந்தன இரண்டு. ஒன்று உருகி, மற்றொன்று பணிமனையார் 'சர்வீஸ் பிளக்' என வழங்கும் செருகி. இவற்றின் இயல்பினையும், இவற்றைக் குறித்து நாம் ஆளும் சொற்கள் உண்மையை உள்ளவாறு உணர்த்துகின்றனவா என்பதனையும் ஈண்டு ஆராய்வோம். 2025 ஆகஸ்ட் 4ஆம் நாள் தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் மின்மகிழுந்து ஆலை திறக்கப்பெற்றது. இத்தகைய ஊர்திகள் தென்மாவட்டச் சிற்றூர்ப் பட்டறைகளுக்கும் வருங்கால், ஆங்குச் சொற்பிழை உயிர்க்கு ஊறாக முடிதல் கூடும்.

முதற்கண் மக்கள் வழக்கினை நோக்குவோம். வத்திராயிருப்பை அடுத்த வ. புதுப்பட்டி போன்ற வேளாண் ஊர்களில் கிணற்று மோட்டார் அறைகளில் பீங்கானாலாகிய 'பியூஸ் கட்டை' காணப்படும். கட்டையைப் பிடுங்கிவிட்டால் மோட்டாருக்குச் செல்லும் கம்பியில் மின் இல்லை; மின்னின் பிறப்பிடம் அறைக்கு வெளியே உள்ளதாகலின். 'பிடுங்கினால் மின் அற்றது' என்னும் கருத்து இவ்வாறு நம் மனத்தில் வேரூன்றிவிட்டது. மின்மகிழுந்தில் இக்கருத்துப் பொருந்துமா?

உருகியை முதலில் எடுத்துக்கொள்வோம். நம் வீடுகளுக்கு வரும் மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சி உடையது. ஆகவே நொடிக்கு 100 முறை சுழிநிலையை அடைகின்றது. உருகிக் கம்பி அறுந்த இடத்தில் எழும் மின்வில் அச்சுழிநிலையில் எளிதின் அணையும். மின்கலம் தருவதோ நேர்திசை மின்னோட்டம். அதற்குச் சுழிநிலை இல்லை; வில் அணையாது நின்று எரிய முயலும். எனவே மின்மகிழுந்தின் உருகி வேறு வகையாக அமைக்கப்பெறுகின்றது. பீங்கான் குழலுள் வெள்ளி அல்லது செம்புத் தகடு ஒன்று பல இடங்களில் குறுக்கப்பட்டிருக்கும். சுற்றிலும் படிக மணல் நிறைந்திருக்கும். அளவிறந்த மின் பாயின் தகடு பல குறுக்கங்களில் ஒருங்கே உருகும். மணல் வெப்பத்தை ஏற்றுத் தானும் உருகிக் கண்ணாடி போலாகி வில்லை அணைக்கும். இதனிடத்தில் வீட்டு உருகியையோ தடித்த செம்புக் கம்பியையோ வைத்தல் தீயை அழைப்பதாகும்.

மேலும், உருகி காப்பது மின்சுற்றினையேயன்றி மனிதனை அன்று. ஆம்பியரில் நூறில் சில பங்கு உடலூடு பாய்ந்தாலே உயிர் போதல் கூடும். நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தாங்கும் உருகி அதனை உணரவும் செய்யாது.

இனிச் செருகியைக் காண்போம். இது பெரும்பாலும் தொடராக இணைந்த மின்கலங்களின் இடையே வைக்கப்படும். சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 2019 முதல் சில ஆண்டுகள் உருவான ஹூண்டாய் கோனா மின்மகிழுந்தினை அளவுக்குக் கொள்வோம். அதன் மின்கலத் தொடர் 90 படிகள் கொண்டது. பெயரளவு மின்னழுத்தம் 327 வோல்ட். இத்தகைய தொடரை நட்டநடுவில் பிரிப்பின், பெட்டியின் வெளிமுனைகளுக்கு மின் வாராது. ஆயினும் பெட்டியின் உள்ளே ஒவ்வொரு பாதியிலும் ஏறத்தாழ 163 வோல்ட் நிற்கும். நேர்திசை மின்னில் 60 வோல்ட்டிற்கு மேற்பட்டதனை உயர் மின்னழுத்தம் என இந்திய வாகனத் தரமாகிய ஏ.ஐ.எஸ். 038 கொள்கின்றது. ஆகவே ஒவ்வொரு பாதியும் தனித்தனியே ஊறு விளைக்கவல்லது என்பது போதரும்.

வெளிச்சுற்றும் பிடுங்கிய அந்நொடியே அடங்குவதன்று. மாற்றிகளில் உள்ள மின்தேக்கிகள் சிறிது நேரம் மின்னைத் தாங்கி நிற்கும். அதனாலேயே ஊர்தியை அணைத்து, 12 வோல்ட் மின்கலத்தைக் கழற்றி, செருகியைப் பிடுங்கிய பின்னரும், ஆக்குநர் குறித்தவாறு 5 அல்லது 10 நிமிடம் காத்திருந்து, காப்புக் கையுறையுடன் அளவுமானியால் சோதித்த பின்னரே உயர் மின்னழுத்தப் பகுதியில் கைவைத்தல் வேண்டும். செம்மஞ்சள் நிற உறை பூண்ட கம்பிகள் அப்பகுதியைக் காட்டும் அடையாளமாகும்.

இவற்றால், கிணற்றடிக் கட்டைக்கும் மகிழுந்துச் செருகிக்கும் உள்ள வேறுபாடு விளங்கும். முன்னதில் மின்னின் பிறப்பிடம் வெளியே உள்ளது. பின்னதில் பிறப்பிடமே பெட்டியுள் உள்ளது. செருகியைப் பிடுங்கினும் மின்கலங்கள் தம் ஆற்றலை இழப்பதில்லை. 'மின் துண்டிப்பு' என்னும் சொல்லோ நம் வழக்கில் மின் முற்றும் நின்ற நிலையையே குறிக்கின்றது. அதனை இவ்வுறுப்பிற்குப் பெயராக்கின் படிப்போன் மயங்குவான். தொடரை இடையே பிரிப்பது என்னும் அளவில் நிற்கும் 'இடைப்பிரிப்பி' என்னும் சொல்லே செய்யும் தொழிலுக்கு மிகாது பொருளுரைப்பதாகும். பட்டறைத் தொழிலாளருக்கும் தீயணைப்புப் படையினருக்கும் தமிழில் கையேடு எழுதுவோர் இச்சொல்லைக் கொள்ளினும், வேறு சொல் காணினும், 'பிரித்த பின்னும் பெட்டியுள் மின் உண்டு' என்னும் தொடரை அதன் அருகே எழுதுதல் இன்றியமையாதது என்பது நம் துணிபு.