வீட்டுக் கணினிக்குப் புது வேகம்: கணக்கு வழக்கும் பாதுகாப்பாக இருக்கட்டும்

கண்டி நகரிலும் கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, மடவளை, கம்பளை போன்ற பகுதிகளிலும் வியாபாரம் செய்யும் நம்மவர்களில் பலர் கணக்குப் பார்ப்பது கடையில் அல்ல, வீட்டில்தான். பகலில் எழுதிய பற்றுச்சீட்டுகளும் கடன் கொப்பியும் இரவில் வீட்டுக்கு வருகின்றன. இஷாத் தொழுகைக்குப் பிறகு மகனோ மகளோ கணினியின் முன் அமர்ந்து அவற்றைப் பதிவுசெய்கிறார்கள். பிள்ளைகளின் படிப்புக்கென வாங்கிய கணினி காலப்போக்கில் வியாபாரத்தின் கணக்கப்பிள்ளையாகவும் மாறிவிட்டது.

அந்தக் கணக்கப்பிள்ளைக்கு வயதாகிவிட்டது என்பதே இன்று பல வீடுகளில் கேட்கும் முறைப்பாடு. கணினியைப் போட்டுவிட்டுத் தேநீர் குடித்து முடித்தாலும் வின்டோஸ் திறந்தபாடில்லை. எக்ஸெல் பைல் ஒன்றைத் திறப்பதற்கே பொறுமை வேண்டும். "இனிப் புதிதாக ஒன்று வாங்க வேண்டியதுதான்" என்று முடிவெடுப்பதற்கு முன் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். இத்தகைய கணினிகளில் பெரும்பாலும் முழு இயந்திரமும் பழுதாகியிருப்பதில்லை. வேகத்தைத் தடுப்பது அதற்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க் என்ற ஒரே ஒரு பாகம்தான். அதற்குப் பதிலாக எஸ்.எஸ்.டி எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகத்தைப் பொருத்தினால் பழைய கணினி இன்னும் சில வருடங்கள் உழைக்கும்.

தாமதம் எங்கிருந்து வருகிறது?

ஹார்ட் டிஸ்க் சுழலும் தட்டில் தகவல்களைப் பதியும் கருவியாகும். 1956ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகப்படுத்திய முதல் டிஸ்க்கில் இரண்டடி விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. இன்று அளவு சுருங்கிவிட்டாலும் முறை மாறவில்லை. மேசைக் கணினிகளில் உள்ள டிஸ்க் பொதுவாக நிமிடத்துக்கு 7200 தடவை, அதாவது செக்கனுக்கு 120 தடவை சுழல்கிறது. வேண்டிய தகவல் வாசிப்பு முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4 மில்லி செக்கன் செல்லும். முனை நகரும் நேரத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 12 மில்லி செக்கன். ஆகவே அங்குமிங்கும் சிதறிக் கிடக்கும் சிறு பைல்களைச் செக்கனுக்கு எண்பது, தொண்ணூறு தடவைக்கு மேல் அதனால் தேடி எடுக்க முடியாது. வின்டோஸ் தொடங்கும்போதோ ஆயிரக்கணக்கான சிறு பைல்கள் தேவைப்படுகின்றன.

எஸ்.எஸ்.டியில் சுழலும் பாகம் எதுவுமில்லை. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் பணியாற்றிய புஜியோ மசுவோக்கா 1980களில் உருவாக்கிய பிளாஷ் நினைவகச் சில்லுகளே அதில் உள்ளன. ஒரு தகவலை எடுக்க ஏறத்தாழ 0.1 மில்லி செக்கன் போதும். சரக்கறையில் ஏணி போட்டு ஒவ்வொரு பெட்டியாக இறக்கிப் பார்ப்பதற்கும், கைக்கெட்டும் தூரத்தில் பெயர் எழுதி அடுக்கி வைத்த பெட்டியை எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது.

இலாப நட்டம்

ஒரு நாளைக்கு ஐந்து நிமிடம் கணினிக்காகக் காத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். வருடத்தில் 300 நாட்களுக்கு 1500 நிமிடம், அதாவது 25 மணித்தியாலங்கள். மார்ச் 31இல் வரி ஆண்டு முடிந்து, நவம்பர் 30க்குள் வருமான வரி விபரத்திரட்டைச் சமர்ப்பிக்க ஓடித்திரியும் நாட்களில் அந்த 25 மணித்தியாலங்களின் பெறுமதி புரியும்.

ஆனால் எல்லாக் கணினிக்கும் இந்தச் செலவு பொருந்தாது. ராம் நினைவகம் 2 ஜிபி மட்டுமே உள்ள மிகப் பழைய இயந்திரமாயின், எஸ்.எஸ்.டி மாத்திரம் அதைக் காப்பாற்றாது. வின்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் மைக்ரோசொப்ட் நிறுத்தியதையும் மறந்துவிடக் கூடாது. வின்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 பாதுகாப்பு வசதி தேவை. இன்டெல் புரொசெஸராயின் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். எனவே வங்கிக் கொடுக்கல் வாங்கலை இணையம் மூலம் செய்பவர்கள், இந்தத் தகுதி தமது கணினிக்கு உண்டா என்று பார்த்த பின்னரே பணத்தை இறக்குவது புத்திசாலித்தனம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

பழைய கணினிகளுக்குப் பெரும்பாலும் பொருந்துவது 2.5 அங்குல சாட்டா வகை. எம்.2 வகையை மதர்போர்டில் அதற்குரிய இடம் இருந்தால் மட்டுமே வாங்க வேண்டும். அதிலும் சாட்டா, என்.வி.எம்.இ. என இரு இனங்கள் உள்ளன. மதர்போர்டின் மாதிரி இலக்கத்தைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போவது நல்லது.

கணக்கு வேலைக்கும் கடிதங்களுக்கும் 240 ஜிபி போதும். படங்கள் அதிகம் வைத்திருப்போர் 480 ஜிபி பார்க்கலாம். ஆயுட்காலம் பற்றி அச்சப்படத் தேவையில்லை. கிங்ஸ்டன் ஏ400 வகையின் 240 ஜிபி டிஸ்க்குக்கு நிறுவனம் குறிப்பிடும் எழுத்து அளவு 80 டெராபைட். நாளொன்றுக்கு 20 ஜிபி எழுதினாலும் அது பத்து வருடங்களுக்கு மேல் வரும்.

2025இன் பிற்பகுதியில் உலகச் சந்தையில் நினைவகச் சில்லுகளின் விலை ஏறத் தொடங்கியது. ஆகவே இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டு, உத்தரவாதக் காலம் எழுதப்பட்ட பற்றுச்சீட்டுடன் வாங்குங்கள். நம்ப முடியாத மலிவு விலையில் 16 டெராபைட் என்று விற்கப்படுபவை போலிகள். உள்ளே சிறிய சில்லு ஒன்றே இருக்கும். நிரம்பியதும் பழைய பைல்களை அழித்துவிடும்.

பொருத்தும் முறை

முதல் வேலை ஸ்குரூவைக் கழற்றுவதல்ல, கணக்குப் பைல்களைப் பிரதியெடுப்பது. டெக்னீஷியனிடம் கொடுப்பதாயினும் இதை நீங்களே செய்துவிட்டுக் கொடுங்கள்.

பின்னர் மின் இணைப்பைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில செக்கன்கள் அழுத்தி எஞ்சிய மின்சாரத்தை வெளியேற்றுங்கள். கேஸிங்கின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்கினால் உடலிலுள்ள நிலைமின்சாரம் பாகங்களைத் தாக்காது. பெரிய டிஸ்க் இருக்கும் இடத்தில் சிறியதை மாட்ட ஒரு தகடு தேவைப்படும். சாட்டா கேபிளின் முனை 'எல்' வடிவமானது. ஒரு பக்கமாக மட்டுமே ஏறும், பலவந்தப்படுத்தக் கூடாது.

பழைய டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் அதிலுள்ள அனைத்தையும் அப்படியே புதியதற்கு நகலெடுக்கும் மென்பொருள்கள் உண்டு. டிஸ்க்கில் சத்தம் வந்தாலோ அடிக்கடி பிழைச் செய்தி காட்டினாலோ வின்டோஸைப் புதிதாக நிறுவுவதே சிறந்தது. அப்போது பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்தால் தவறுதலாக அது அழிக்கப்படும் ஆபத்து இல்லை. பயோஸில் ஏ.எச்.சி.ஐ. முறை தெரிவுசெய்யப்பட்டிருப்பதையும், முதலில் தொடங்கும் டிஸ்க் புதியதே என்பதையும் உறுதிசெய்யுங்கள். அனுபவமுள்ளவருக்கு இரண்டொரு மணித்தியால வேலைதான்.

வேகம் வேறு, பாதுகாப்பு வேறு

எஸ்.எஸ்.டி போட்டுவிட்டால் தகவல்கள் பத்திரம் என்று எண்ணுவது தவறு. ஹார்ட் டிஸ்க் பழுதாகுமுன் பல சமயம் சத்தமிட்டு எச்சரிக்கும். எஸ்.எஸ்.டியோ முன்னறிவிப்பின்றிச் செயலிழக்கக்கூடும். அதிலிருந்து அழிந்த தகவலை மீட்பதும் கடினம். 2025 பெப்ரவரி 9இல் ஏற்பட்டது போன்ற நாடளாவிய மின்தடை கணக்கு எழுதும் நேரத்தில் வந்தால் பைல் சிதைந்துவிடலாம். சிறிய யூ.பி.எஸ். ஒன்று அவசியம்.

நமது பிரதேசத்துக்கு இன்னொரு பாடமும் உண்டு. பிங்கா ஓயா பெருக்கெடுத்து அக்குறணை நகரக் கடைகளுக்குள் வெள்ளம் புகுவது பலமுறை கண்ட அனுபவம். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலின்போது கண்டி மாவட்டம் மண்சரிவாலும் வெள்ளத்தாலும் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது. நனைந்த சரக்கைக் கழித்துவிட்டு மீண்டும் வாங்கலாம். யார் எவ்வளவு தர வேண்டும், நாம் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற கணக்கு அழிந்தால் அதை எங்கே வாங்குவது? எனவே ஒரு பிரதியைக் கணினியிலும், ஒரு பிரதியை வெளி டிஸ்க்கிலும், மூன்றாவதை வேறோர் இடத்திலும் வையுங்கள். மேட்டில் வசிக்கும் உறவினர் வீடாகவும் இருக்கலாம், 15 ஜிபி வரை இலவசமாகத் தரும் கூகுள் கணக்காகவும் இருக்கலாம். வாரத்தில் ஒரு நாளை, உதாரணமாக வியாழன் இரவை, இதற்கென ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

பழைய டிஸ்க்கும் ஓர் அமானத்

கழற்றிய டிஸ்க்கில் வாடிக்கையாளர்களின் பெயர், தொலைபேசி இலக்கம், கடன் விபரம், காசோலை இலக்கம் எல்லாம் இருக்கும். ஓரிரு மாதங்கள் பத்திரப்படுத்தி, புதியது சரியாக இயங்குவது நிச்சயமான பின் முழுமையாக அழித்துவிட்டே பிறருக்குக் கொடுக்க வேண்டும். பைலை 'டிலீட்' செய்வது மட்டும் போதாது. பழுதாகும் நிலையிலுள்ள டிஸ்க்கை விற்பதாயின் குறையைச் சொல்லியே விற்க வேண்டும் என்பது வியாபாரிகளாகிய நமக்குத் தெரிந்த மார்க்கச் சட்டமாகும்.

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு விரிவாகப் பணிக்கும் வசனமே அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282). ஏட்டில் எழுதினாலும் கணினியில் எழுதினாலும், எழுதியதைக் காப்பதும் அந்தப் பொறுப்பில் அடங்கும். ஒரு சிறு கருவியின் செலவோடு வேகமும், வாரத்தில் பத்து நிமிட உழைப்போடு பாதுகாப்பும் கிடைக்குமாயின் அதைத் தள்ளிப்போடுவதற்கு நியாயமில்லை. நமது தொழிலிலும் கணக்கிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.