நூறு வாட்டில் ஒலிக்கும் ப்ளூஸ்

நூறு வாட். பழைய குண்டு பல்பு ஒன்று இழுக்கும் மின்சாரம் அவ்வளவுதான். அமெரிக்காவில் குறைந்த சக்தி பண்பலை நிலையங்களுக்கு அரசு அனுமதிக்கும் உச்சத் திறனும் அதுவே. முப்பது மீட்டர் உயரத்தில் ஆன்டெனா கட்டினால் சுற்றுவட்டாரத்தில் ஐந்தாறு கிலோமீட்டர் வரை தெளிவாகக் கேட்கும். பெரிய வணிக நிலையங்கள் 50,000 வாட், ஒரு லட்சம் வாட் என்று முழங்கும் நாட்டில் இது ஒரு பேட்டைக்கான வானொலி. ஆனால் ஜாஸ், ப்ளூஸ், லூசியானாவின் ஸைடிகோ போன்ற இசைகளுக்கு இன்று அங்கே உண்மையான இடம் கொடுப்பவற்றில் இந்தச் சிறு நிலையங்களும் உண்டு.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ப்ளூஸ் வானொலிக்குள் நுழைந்ததே சிறிய நிலையங்களின் வழியாகத்தான். 1941 நவம்பரில் ஆர்கன்சா மாநிலத்தின் ஹெலெனா நகரில் கே.எஃப்.எஃப்.ஏ. என்ற நிலையம், மாவு விற்பனையாளர் ஒருவரின் ஆதரவோடு 'கிங் பிஸ்கட் டைம்' நிகழ்ச்சியைத் தொடங்கியது. சன்னி பாய் வில்லியம்சன் ஹார்மோனிகா வாசித்துப் பாட, ராபர்ட் லாக்வுட் கிட்டார் வாசிப்பார். நண்பகல் 12.15 மணி என்பது பருத்திக்காட்டு வேலையாட்கள் சாப்பிட உட்காரும் நேரம். கறுப்பினக் கலைஞர்கள் தங்கள் மக்களுக்காகவே வானொலியில் நேரடியாக வாசித்ததை மிஸிஸிப்பி டெல்டா பகுதி நாள்தோறும் கேட்டது. அப்படிக் கேட்டு வளர்ந்தவர்களில் ஒருவர் ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங். பின்னாளில் மெம்ஃபிஸ் நகரின் டபிள்யூ.டி.ஐ.ஏ. நிலையத்தில் அவரே அறிவிப்பாளரானார். 250 வாட்டில் தொடங்கிய அந்த நிலையம், கறுப்பின நேயர்களுக்காக முழுநேரமும் ஒலிபரப்பத் தொடங்கிய பிறகு வளர்ந்து 1954-இல் 50,000 வாட்டை எட்டியது.

பிறகு வணிகம் வேறு பக்கம் திரும்பியது. ஒரே நிறுவனம் நாடெங்கும் எத்தனை நிலையங்கள் வைத்திருக்கலாம் என்பதற்கு இருந்த வரம்பை 1996-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் நீக்கியது. சில ஆண்டுகளில் கிளியர் சேனல் என்ற ஒரு நிறுவனத்திடம் மட்டும் ஏறத்தாழ 1,200 நிலையங்கள் சேர்ந்தன. பாடல் பட்டியலைத் தலைமையகம் தீர்மானிக்கும் முறை பரவியது. ஜாஸ் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'மை ஃபேவரிட் திங்ஸ்' பதிவு பதின்மூன்று நிமிடங்களைத் தாண்டும். இரண்டு விளம்பரங்களுக்கு நடுவே மூன்று நிமிடப் பாட்டைச் செருகிப் பழகியவர்கள் அதை எங்கே வைப்பார்கள்?

இந்த இறுக்கத்துக்கு எதிராக உரிமம் இல்லாமலே ஒலிபரப்பியவர்கள் உண்டு. இல்லினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் பார்வையற்றவரான ம்பன்னா கன்டாக்கோ, 1987-இல் அரசுக் குடியிருப்பு ஒன்றிலிருந்து ஏறத்தாழ ஒரு வாட் திறனில் தொடங்கிய நிலையம் பலருக்கு முன்னோடியானது. அழுத்தம் கூடியது. மத்தியத் தகவல் தொடர்பு ஆணையத்தின் முதல் கறுப்பினத் தலைவரான வில்லியம் கென்னார்ட் காலத்தில், 2000 ஜனவரியில் குறைந்த சக்தி வானொலிக்குச் சட்டப்படி வழி திறந்தது.

ஆனால் அந்தக் கதவு உடனேயே பாதி சாத்தப்பட்டது. பெரிய ஒலிபரப்பாளர்களின் சங்கம் எதிர்த்தது. பொது வானொலியான என்.பி.ஆரும் எதிர்த்தது. அலைகள் ஒன்றோடொன்று மோதும் என்பது அவர்கள் வாதம். பெரிய நிலையம் ஒன்று 94.1-இல் இருந்தால் அதற்கு அருகே 94.7-ஐக்கூடச் சிறிய நிலையத்துக்குத் தரக்கூடாது என்று அந்த ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றமே தடுத்துவிட்டது. நெரிசலான நகரங்களில் இதற்குப் பிறகு இடமே மிஞ்சவில்லை. நாடாளுமன்றம் கேட்டபடி மைட்டர் நிறுவனம் செய்த ஆய்வு, அப்படிப் பெரிய இடையூறு எதுவும் இல்லை என்று 2003-இல் சொல்லிவிட்டது. ஆனாலும் தடை முழுதாக நீங்க 2011 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தொழில்நுட்ப வாதம் தோற்ற பிறகும் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் இழுத்தடித்தது அநியாயம். 2013-இல் விண்ணப்பம் கோரியபோது 2,800-க்கும் மேற்பட்டோர் வரிசையில் நின்றார்கள்.

இடைப்பட்ட காலத்தில் கட்டப்பட்டவற்றில் லூசியானாவின் ஓபலூசாஸ் நகர நிலையத்தைச் சொல்ல வேண்டும். ஸைடிகோவின் அரசன் எனப்படும் கிளிஃப்டன் செனியர் பிறந்த பகுதி அது. அக்கார்டியனும் ப்ளூஸும் கிரியோல் மக்களின் பிரெஞ்சும் கலந்த இசை ஸைடிகோ. குடிமை உரிமை இயக்கத்தில் வேரூன்றிய உள்ளூர் அமைப்பு ஒன்று உரிமம் பெற்றது. பிலடெல்பியாவின் ப்ரோமீதியஸ் வானொலித் திட்டத்தைச் சேர்ந்த தன்னார்வலர்கள் வந்து, ஊராரோடு சேர்ந்து சில நாட்களில் ஸ்டூடியோவும் ஆன்டெனாவும் அமைத்துக்கொடுத்தார்கள். தங்கள் ஊரில் பிறந்த இசையைத் தங்கள் ஊர் நிலையத்திலேயே கேட்க, அந்த மக்கள் இவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது.

இத்தகைய நிலையங்கள் விளம்பரம் வாங்கக்கூடாது. ஆதரவு தந்த கடையின் பெயரைச் சொல்லலாம். விலையைச் சொல்லவோ 'வாங்குங்கள்' என்று அழைக்கவோ கூடாது. நேயர் நன்கொடை, சின்னச் சின்ன மானியங்கள், சம்பளம் வாங்காத அறிவிப்பாளர்கள் என்றுதான் வண்டி ஓடுகிறது. சட்டப்படியும் இவை இரண்டாம் தரச் சேவைதான். முழுச்சக்தி நிலையம் ஒன்று இடம் கேட்டால் விலகிக்கொள்ள வேண்டி வரும். அப்படியும் இன்று ஏறத்தாழ 2,000 நிலையங்கள் இயங்குகின்றன. எத்தனை பேர் கேட்டார்கள் என்ற கணக்கை விளம்பரதாரரிடம் காட்ட வேண்டியதில்லை என்பதால்தான், வீட்டில் இசைத்தட்டுகள் சேர்த்து வைத்திருக்கும் ஒருவர் இரவு முழுக்க டெல்டா ப்ளூஸ் போட முடிகிறது. ஐந்து கிலோமீட்டருக்குள் வாசிக்கும் கலைஞரை ஸ்டூடியோவுக்கே அழைத்துவரவும் முடிகிறது.

நம் நாட்டிலும் சமுதாய வானொலிக்குப் பொதுவாக விதிக்கப்பட்ட வரம்பு அதே நூறு வாட்தான். 2004 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அண்ணா எஃப்.எம். இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் வழி திறந்தது. திரைப்பாட்டே வணிகப் பண்பலையை நிறைத்திருக்கும் தமிழ்நாட்டில், பறைக்கும் நாதஸ்வரத்துக்கும் தெருக்கூத்துக்கும் நேரம் தாராளமாகக் கிடைக்கக்கூடிய இடம் இந்த நிலையங்கள்தாம். உங்கள் ஊரில் அப்படி ஒன்று இருந்தால் தேடிக் கேளுங்கள். அக்கம்பக்கத்தில் நன்றாகப் பாடுகிற ஒருவர் இருந்தால், அவரை அந்த ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போங்கள்.