புகைக்குழாயின் வாயில் ஒரு வளையம்



கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு விடியற்காலை வேலைக்குச் செல்வோரின் மோட்டார் சைக்கிள் ஓசையைக் கூர்ந்து கேட்டிருக்கிறீர்களா? சில வண்டிகளில், எஞ்சினின் சீரான முழக்கத்தோடு ‘டிக், டிக்’ என்னும் சிற்றொலியொன்று கலந்து வரும். கிளம்பும்போது அது தெளிவாகக் கேட்கும். சிறிது தூரம் ஓடிச் சூடேறியதும் பெரும்பாலும் அடங்கிவிடும். குறை நீங்கிற்று என்று ஓட்டுபவர் எண்ணிக்கொள்வார். நீங்கவில்லை. சூட்டினால் உலோகம் விரிந்து, இருந்த சந்தைச் சற்று நேரம் மூடிற்று; அவ்வளவே. அந்தச் சந்து இருப்பது எஞ்சினின் தலையும் புகைக்குழாயும் கூடுமிடத்தில். அதை அடைப்பதற்கென்றே அமைந்த வளையத்தைக் கேஸ்கெட் என்பர். பட்டறையில் ‘பேக்கிங்’ என்றால்தான் தெரியும்.

நம் பக்கத்து வண்டி ஒன்றையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூடி 1955-இல் என்ஃபீல்டு இந்தியா என்னும் நிறுவனத்தைத் தொடங்கின. அதன் தொழிற்சாலை எழுந்த இடம் திருவொற்றியூர். 2018-இல் சென்னை மாவட்டத்தோடு சேர்க்கப்படும் வரை அவ்வூர் திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தது. அங்கே உருவான பழைய புல்லட்டில் புகைக்குழாய் எஞ்சினின் தலையிலுள்ள துளைக்குள் இறுகச் செருகப்பட்டிருந்தது. தனி வளையம் கிடையாது. இந்த நூற்றாண்டில் வந்த புதிய எஞ்சின்களிலோ, குழாயின் முகப்புத் தகட்டை இரண்டு ஸ்டட்டுகளும் நட்டுகளும் இழுத்துப் பிடிக்கின்றன. இடையே வளையம் அமர்ந்திருக்கிறது.

இவ்வளவு சிறு பொருளுக்கு அப்படி என்ன வேலை? நான்கு வீச்சு எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றினால், புகை வால்வு விநாடிக்கு 25 முறை திறக்கிறது. ஒவ்வொரு முறையும் பல நூறு பாகை வெப்பமுள்ள வாயு ஓர் அடியாக வந்து மோதுகிறது. மோதிய அலை கடந்தபின், குழாயில் ஒரு கணம் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைகிறது. அப்போது சந்தின் வழியே புகை வெளிவருவதில்லை; வெளிக்காற்று உள்ளே நுழைகிறது! வேகத்தைக் குறைக்கும்போது சைலன்சரில் ‘பட்பட்’ என்று வெடிப்பதற்கு இது ஒரு காரணம்: எரியாத பெட்ரோல் அந்தக் காற்றோடு சேர்ந்து குழாயிலேயே எரிகிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் வந்தபின் இன்னொரு தொல்லையும் சேர்ந்தது. புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் உணரி, புகுந்த காற்றைக் கண்டு ஏமாந்து, பெட்ரோல் போதவில்லை என்று அறிவிக்கும். பெட்ரோல் வீணாகக் கூடுதலாகச் செல்லும். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு உயிருக்கே உலை வைக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

இனி மாட்டும் முறை. எஞ்சின் நன்றாக ஆறியிருக்கவேண்டும். நட்டு துருப்பிடித்திருந்தால் முந்தின நாளே எண்ணெய் விட்டு ஊறவைப்பது நலம். அலுமினியத் தலையில் ஸ்டட் முறிந்துவிட்டால் அதை எடுப்பது பெரும்பாடு. பழைய வளையத்தைக் கழற்றும்போது, அதன் ஒரு பகுதி துளையின் உள்ளேயே கரிபடிந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் காணாமல் மேலே புது வளையத்தை வைத்துவிடுகிறவர் பலர். பழைய வளையங்கள் சிலவற்றில் கல்நார் உண்டு. ஆகவே அந்தத் தூளை ஊதாமல், ஈரத்துணியால் துடைத்தெடுக்கவேண்டும்.

பழைய வளையத்தையே மீண்டும் மாட்டினால் என்ன? இங்கேதான் விஷயம் இருக்கிறது. வளையம் தன் இருபுறமும் உள்ள உலோகங்களைவிட மென்மையானது. இறுக்கும்போது அது நசுங்கி, அவற்றின் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களில் பரவி அடைக்கிறது. ஒருமுறை நசுங்கியபின் அந்த இளக்கம் போய்விடுகிறது. செம்புக்குடம் அடிக்கும் கன்னாரைக் கேளுங்கள்: அடிக்க அடிக்கச் செம்பு இறுகும், செந்நிறம் காணுமளவு காய்ச்சினால் மறுபடி இளகும். முழுச் செம்பு வளையத்துக்கு இந்த வைத்தியம் பலிக்கும். தகட்டுறைக்குள் நார் வைத்த வளையத்துக்குப் பலிக்காது. புதிது வாங்கவே வேண்டும்.

வளையம் நழுவாதிருக்க ஒரு துளி கிரீஸ் போதும். குழாயைப் பொருத்தி, இரு நட்டுகளையும் முதலில் கையாலேயே திருகவேண்டும். பின்னால் சைலன்சரைத் தாங்கும் போல்ட் அப்போது தளர்ந்தே இருக்கட்டும். அதை முதலில் முறுக்கிவிட்டால் குழாய் கோணிக்கொண்டு, வளையத்தின் ஒரு பக்கம் மட்டுமே நசுங்கும். பிறகு இந்த நட்டுக்குக் கால் சுற்று, அந்த நட்டுக்குக் கால் சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்கி, கைப்புத்தகம் கூறும் அளவில் நிறுத்தவேண்டும். பின்போல்ட் கடைசியில். பலமாக முறுக்கினால் பத்திரம் என்று நினைத்து ஸ்டட்டை முறித்தவர்களுள் இதைச் சொல்பவனும் ஒருவன்.

எஞ்சினை ஓட்டிச் சூடேற்றி, முற்றிலும் ஆறியபின் நட்டுகளை மறுபடி பார்த்தால், அவை சிறிது தளர்ந்திருக்கக்கூடும். வளையம் இப்போதுதான் தன் இடத்தில் படிந்திருக்கிறது. அதே அளவுக்கு மீண்டும் இறுக்கிவிட்டு, மறுநாட்காலை குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பிக் காதைக் கொடுத்துக் கேளுங்கள்.