அலைபேசி அலைவாங்கியின் உணர்திறன் குறைபாடு

அலைபேசி அலைவாங்கியின் உணர்திறன் என்பது, ஓர் அலைபேசி பிரித்தறியக்கூடிய மிக வலுக்குறைந்த ரேடியோ குறிப்பலையின் அளவாகும். வடிவமைப்பிலோ உற்பத்தியிலோ பழுதுபார்ப்பிலோ நேரும் தவறால் இத்திறன் குறைவதே உணர்திறன் குறைபாடு எனப்படுகிறது. கோபுரத்திற்கு அருகில் இக்குறை வெளியே தெரியாது. கோபுரத்திலிருந்து தொலைவில் உள்ள சிற்றூர்களிலும், நாச்சியாபுரம் போன்ற செட்டிநாட்டு ஊர்களில் தடித்த சுவர்களைக் கொண்ட வீடுகளின் உள்ளறைகளிலும்தான் தெரியவரும். அங்கு 108 அவசர ஊர்தியை அழைக்க முடியாமல் போவதற்குச் சில டெசிபெல் குறைவே போதும்.

அளவிடும் முறை

உணர்திறன் டி.பி.எம். என்னும் அலகில் சொல்லப்படுகிறது. 1 மில்லிவாட் திறனே 0 டி.பி.எம். அதிலிருந்து 10 குறையும்போதெல்லாம் திறன் பத்தில் ஒன்றாகும். ஜி.எஸ்.எம். 900 கைக்கருவி குறைந்தது −102 டி.பி.எம். குறிப்பலையை வாங்க வேண்டும் என்பது விதி. ஒரு வாட்டைப் பத்து இலட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கைவிடவும் இது குறைவு.

இந்த எண் எப்படி வருகிறது என்பதை எளிய கணக்கால் அறியலாம்.

1. அறை வெப்பநிலையில் இயற்கையாக உள்ள வெப்ப இரைச்சல், ஒரு ஹெர்ட்சு அகலத்திற்கு −174 டி.பி.எம்.
2. ஜி.எஸ்.எம். தடத்தின் அகலம் 200 கிலோஹெர்ட்சு. இதற்கு 53 டெசிபெல் கூட்டினால் −121 டி.பி.எம்.
3. அலைவாங்கி தானே சேர்க்கும் இரைச்சலுக்கு ஏறத்தாழ 10 டெசிபெல்.
4. குறிப்பலை இரைச்சலைவிட மேலோங்கி நிற்க ஏறத்தாழ 9 டெசிபெல்.

இவற்றைக் கூட்டினால் −102 கிடைக்கும். முதல் இரண்டும் இயற்கையும் தொழில்நுட்ப விதியும் வகுத்தவை. நான்காவது, குறிப்பேற்ற முறையைச் சார்ந்தது. எனவே வன்பொருள் வடிவமைப்பாளரின் கையில் பெரிதும் இருப்பது மூன்றாவது மட்டுமே. நல்ல கருவிகள் விதியைவிடச் சில டெசிபெல் சிறப்பாகவே இயங்கும். ஊர்ப்புறங்களில் 3 டெசிபெல் இழந்தால், ஒரு கோபுரத்தைச் சுற்றி அந்த அலைபேசி இயங்கும் பரப்பில் ஏறத்தாழ 30% போய்விடும்.

முதன்மைக் காரணங்கள்

முன்பகுதி இழப்பு: அலைவாங்கியின் முதல் பெருக்கிக்கு முன்னால் உள்ள வடிப்பான், நிலைமாற்றி, இணைப்புத் தடம் ஆகியவற்றில் இழக்கும் ஒவ்வொரு டெசிபெலும் அப்படியே உணர்திறனில் குறையும். பெருக்கிக்குப் பின்னால் நேரும் இழப்பின் விளைவு மிகச் சிறியது.

கடிகார அலையின் மடங்குகள்: பல ஜி.எஸ்.எம். கருவிகளின் அடிப்படைக் கடிகாரம் 26 மெகாஹெர்ட்சில் இயங்குகிறது. இதன் 36ஆம் மடங்கு 936 மெகாஹெர்ட்சு. ஜி.எஸ்.எம். 900இல் 5ஆம் தடத்தின் இறங்கு அதிர்வெண்ணும் இதுவே. கடிகார அலை கசிந்தால், மற்ற தடங்கள் நன்றாக இருக்க, இந்த ஒரு தடம் மட்டும் கெடும்.

தன் அலைபரப்பியின் கசிவு: ஜி.எஸ்.எம். கருவி ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் செய்வதில்லை. இந்தியாவில் பரவலாக உள்ள எல்.டி.இ. 3ஆம் பட்டையில் இரண்டும் ஒரே வேளையில் நடக்கின்றன. ஏறு பட்டைக்கும் இறங்கு பட்டைக்கும் இடைவெளி 20 மெகாஹெர்ட்சு மட்டுமே. இதனால் வடிப்பானின் வேலை கடினமாகிறது. 10 மெகாஹெர்ட்சு அகலத்தில் 1ஆம் பட்டைக்கு −97 டி.பி.எம். கேட்கும் விதி, 3ஆம் பட்டைக்கு −94 என்று தளர்ந்திருப்பதற்கு இதுவே காரணம்.

பிற உள் இரைச்சல்: திரை, ஒளிப்படக் கருவி, நினைவகம், மின்வழங்கிச் சுற்று ஆகியவை எழுப்பும் இரைச்சலை அருகிலுள்ள அலைவாங்கி உள்ளிழுத்துக்கொள்கிறது.

கண்டறியும் வரிசை

முதலில் அலைவாங்கியை விலக்கிவிட்டு, சுற்றுப்பலகையில் உள்ள சோதனை இணைப்பி வழியே கம்பி மூலம் அளக்க வேண்டும். ஒரு பட்டையின் எல்லாத் தடங்களும் ஒரே அளவில் குறைந்தால் முன்பகுதி இழப்பை ஐயுறலாம். ஓரத் தடங்கள் மட்டும் குறைந்தால் வடிப்பானையும், தனித்தனியே ஓரிரு தடங்கள் குறைந்தால் கடிகார மடங்குகளையும் பார்க்க வேண்டும். பரப்பும் திறனைக் குறைத்தவுடன் உணர்திறன் மேம்பட்டால், காரணம் அலைபரப்பியின் கசிவு.

அடுத்து, எதிரொலியற்ற அறையில் அலைவாங்கியுடன் சேர்த்து அளக்க வேண்டும். கம்பி வழி அளவு −108, அலைவாங்கியின் இழப்பு 4 டெசிபெல் என்றால், −104 கிடைக்க வேண்டும். −99 மட்டுமே கிடைத்தால், மீதி 5 டெசிபெல் கருவியின் சொந்த இரைச்சலால் போனது. பிறகு திரை, ஒளிப்படக் கருவி, மின்னேற்றி என ஒவ்வொன்றாக அணைத்து, எதை அணைக்கும்போது அளவு தேறுகிறது என்று பார்த்தால் மூலம் அகப்படும்.

தீர்வுகள்

உலோக மூடியைப் பலகையின் நிலத்தளத்துடன் இடைவெளியின்றி இணைப்பது, மின்வழங்கித் தடங்களில் மின்தேக்கிகளும் பெரைட் மணிகளும் சேர்ப்பது, அலைவாங்கிப் பொருத்தச் சுற்றைச் சரிசெய்வது, திரையின் கடிகார அதிர்வெண்ணைச் சற்று மாற்றி அதன் மடங்குகளைப் பயன்படும் தடங்களிலிருந்து விலக்குவது ஆகியவை வழக்கமான தீர்வுகள். பலகை வடிவம் உறுதியாகும் முன் இவற்றைச் செய்வது எளிது. பின்னர் செலவு மிகும்.

தமிழ்நாட்டில், சென்னைத் தரமணியில் உள்ள சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையம் மின்னணுக் கருவிகளுக்கு மின்காந்த இடையீட்டுச் சோதனைகளைச் செய்துவருகிறது.

பயன்படுத்துவோர் அறிய வேண்டியவை

திரை மாற்றியபின் சிக்னல் குறைந்தால், அலைவாங்கிக் கம்பியின் இணைப்பி சரியாக அழுந்தவில்லை, தொடுவில் வளைந்துவிட்டது, உலோக மூடி திரும்பப் பொருத்தப்படவில்லை என்ற மூன்றையும் முதலில் சோதிக்கச் சொல்லலாம். உலோகத்தாலான பின்னுறையைக் கழற்றிப் பார்ப்பதும் நல்லது.

குறை அலைபேசியிலா, சேவையிலா என்று அறிய, ஒரே சிம் அட்டையை ஒரே இடத்தில் இரண்டு கருவிகளில் மாற்றிப் போட்டு, அழைப்பையும் இணைய வேகத்தையும் ஒப்பிட வேண்டும். திரையில் தெரியும் கோடுகளின் எண்ணிக்கையை நம்ப இயலாது; நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறுபடும். மேலும், எல்.டி.இ.யில் காட்டப்படும் குறிப்பலை வலு, கருவியின் உள் இரைச்சலைக் கணக்கில் கொள்வதில்லை. கோடுகள் நிறைந்திருந்தும் அழைப்பு அறுபடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.