துணையில்லாப் பயணத்துக்குச் சாட்சி வேண்டும்: டான்யூப் கரையில் தனியே சைக்கிளில் செல்வோர் அறிய வேண்டியவை

ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் டொனாவெஷிங்கன் என்ற சிற்றூரின் அருகே உருவாகி, பத்து நாடுகளைத் தொட்டு, சுமார் 2,850 கி.மீ. ஓடிக் கருங்கடலில் கலக்கிறது டான்யூப். அட்லாண்டிக் கரையிலிருந்து கருங்கடல் வரை செல்லும் ‘யூரோவெலோ 6’ சைக்கிள் பாதையில் பாதிக்கு மேல் இந்த ஆற்றை ஒட்டித்தான் போகிறது. பாஸாவிலிருந்து வியன்னா வரையிலான 300 சொச்சம் கி.மீ. பகுதியில் மேடு அதிகமில்லை. வழிகாட்டிப் பலகைகளும் தங்கும் விடுதிகளும் ஊருக்கு ஊர் உண்டு. வாழ்க்கையில் முதன்முறையாகத் தனியே நெடும்பயணம் போக நினைக்கும் பலரும் இதைத் தேர்ந்தெடுப்பது அதனால்தான். நல்ல தேர்வு என்றே நானும் சொல்வேன்.

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். இருவராகப் போனால், ஒருவர் விழும்போது இன்னொருவர் ஆம்புலன்ஸை அழைப்பார், மோதிய காரின் எண்ணைக் குறித்துக்கொள்வார், காவல் நிலையத்தில் “இப்படித்தான் நடந்தது” என்று உடன் நின்று சொல்வார். தனியே போகிறவருக்கு அந்த ஆள் இல்லை. ஐரோப்பியச் சட்டங்கள் பயணிக்கும் சைக்கிளோட்டிக்கும் நிறையவே பாதுகாப்பு கொடுத்திருக்கின்றன. ஆனால் அவற்றில் எதைக் கேட்டுப் பெறுவதற்கும் தாளில் ஒரு சான்று வேண்டும், குறித்த கெடுவுக்குள் கேட்டிருக்கவும் வேண்டும். சாட்சியை நாமே உண்டாக்கிக்கொள்வதுதான் தனிப் பயணியின் முதல் வேலை.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டில் போகிறவர்களுக்குச் சிக்கல் ஆற்றின் நடுவழியில் காத்திருக்கிறது. விசா ஸ்டிக்கரை எடுத்துப் பாருங்கள். செல்லுபடியாகும் தேதிகள் ஒரு வரியில் இருக்கும். தங்கக்கூடிய நாட்கள் எத்தனை என்பது வேறொரு கட்டத்திலும், எத்தனை முறை நுழையலாம் என்பது இன்னொரு கட்டத்திலும் இருக்கும். அந்தக் கடைசிக் கட்டத்தில் ‘1’ என்று இருந்தால், ஹங்கேரியிலிருந்தோ குரோஷியாவிலிருந்தோ, ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஷெங்கன் பகுதிக்கு வெளியே இருக்கும் சேர்பியாவுக்குள் கால் வைத்த கணமே உங்கள் ஷெங்கன் விசா தீர்ந்தது. செல்லுபடியாகும் ஷெங்கன் விசா வைத்திருப்பவரிடம் சேர்பியா தனி விசா கேட்பதில்லை என்பதால் உள்ளே எளிதாக விட்டுவிடுவார்கள். மறுகரையில் ருமேனியாவோ பல்கேரியாவோதான் திருப்பி அனுப்பும். பல முறை நுழையும் விசாவுக்கே விண்ணப்பியுங்கள். பயணத் திட்டத்தில் சேர்பியாவை வெளிப்படையாக எழுதிக் காரணத்தையும் சொல்லுங்கள். ஒருமுறை விசாதான் கிடைத்தது என்றால், ஹங்கேரியின் பாயா ஊரில் ஆற்றைவிட்டுக் கிழக்கே திரும்பி, செகெட் வழியாக ருமேனியாவின் திமிசோராவுக்குப் போய், அங்கிருந்து தெற்கே இறங்கி மறுபடி ஆற்றைப் பிடிக்கலாம். சுற்றுதான், ஆனால் ஷெங்கன் எல்லையைத் தாண்டாத வழி.

பழைய வழிகாட்டி நூல்களை நம்பி ஏமாற வேண்டாம். குரோஷியா 2023 ஜனவரி 1 அன்றே ஷெங்கனில் சேர்ந்துவிட்டது. ருமேனியா, பல்கேரியா இரண்டின் தரை எல்லைகளும் 2025 ஜனவரி 1 முதல் ஷெங்கனுக்குள் வந்துவிட்டன. அங்கே கழிக்கும் நாட்களும் எந்த 180 நாளிலும் 90 நாள் என்ற கணக்கில் இப்போது சேரும். நுழையும் நாள், வெளியேறும் நாள் இரண்டும் முழு நாட்களாகவே எண்ணப்படும். 2025 அக்டோபர் 12 முதல் கைரேகையும் முகப்படமும் பதிவு செய்யும் புதிய முறையும் படிப்படியாக வந்திருக்கிறது. ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும் கணினி காட்டிக்கொடுத்துவிடும். மழைக்கும் காய்ச்சலுக்கும் சில நாட்களை ஒதுக்கிவிட்டே திட்டம் போடுங்கள்.

சேர்பியாவில் இன்னொரு விதி பலருக்குத் தெரிவதில்லை. வெளிநாட்டவர் எங்கே தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் காவல்துறையில் பதிவாக வேண்டும். விடுதி என்றால் அவர்களே செய்துவிடுவார்கள். ஒரு வீட்டில் தங்கினால் வீட்டுக்காரர் செய்ய வேண்டும், அதற்கான வெள்ளைச் சீட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோமிங் சலுகையும் சேர்பியாவில் செல்லாது. எதிர்க்கரையில் ருமேனியாவில் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே செல்போன் சேர்பிய டவரைப் பிடித்துக் கட்டணத்தை ஏற்றிவிடும். இரு நாடுகளையும் பிரிக்கும் இரும்பு வாயில் பள்ளத்தாக்கில் நெட்வொர்க்கை நீங்களே தேர்ந்தெடுத்து வையுங்கள்.

ரயிலில் சைக்கிளை ஏற்றுவது சலுகை என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். 2023 ஜூன் 7 முதல் நடைமுறைக்கு வந்த 2021/782 எண் ஐரோப்பிய ஒழுங்குமுறை அதைப் பயணியின் உரிமையாகவே எழுதியிருக்கிறது. கட்டணம் வாங்கலாம், ஆனால் நியாயமானதாக இருக்க வேண்டும். நெரிசல், பாதுகாப்பு போன்ற காரணங்களைக் காட்டி மறுக்கலாம். சைக்கிளுக்கும் சேர்த்து முன்பதிவு செய்தவரைத் தக்க காரணமின்றி மறுத்தால் பணத்தைத் திருப்பித் தரவோ மாற்று ரயிலில் அனுப்பவோ வேண்டும், இழப்பீடும் உண்டு. முன்பதிவில்லாமல் கோடைக்கால ஞாயிறன்று உள்ளூர் ரயிலின் கதவருகே நிற்பவரிடம் “இடமில்லை” என்று நடத்துநர் சொன்னால் வாதாட வழியில்லை. எனவே சில யூரோ செலவழித்து முன்பதிவுச் சீட்டை வாங்கிவிடுங்கள். ரயில் ஒரு மணி நேரம் தாமதமானால் கட்டணத்தில் 25 விழுக்காடும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் 50 விழுக்காடும் கேட்கலாம். நிறுவனத்தின் கட்டுப்பாட்டை மீறிய சில காரணங்களுக்கு விலக்கு உண்டு. புகாரை மூன்று மாதத்துக்குள் ரயில் நிறுவனத்துக்கு எழுத வேண்டும்.

சாலை விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். ஸ்லோவாக்கியாவில் ஊருக்கு வெளியே ஹெல்மெட் எல்லா வயதினருக்கும் கட்டாயம். ஹங்கேரியில் ஊருக்கு வெளியே இருட்டிலும் மூடுபனியிலும் ஒளிரும் மேலங்கி கட்டாயம். ஜெர்மனியில் சைக்கிள் ஓட்டியபடி போனைக் கையில் எடுத்தால் 55 யூரோ அபராதம். ஆஸ்திரியாவின் மெல்க், கிரெம்ஸ் இடையே வாகாவ் பள்ளத்தாக்கில் வழியெல்லாம் ஒயின் விற்கும் தோட்டங்கள். அந்த நாட்டில் சைக்கிளோட்டிக்கு ரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு லிட்டருக்கு 0.8 கிராம் என்பது நினைவிருக்கட்டும். போதையில் விழுந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிப்பதற்கு அதுவே போதும்.

அதே சட்டம் உங்களையும் காக்கிறது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் சைக்கிளை முந்தும் கார் ஊருக்குள் 1.5 மீட்டர், ஊருக்கு வெளியே 2 மீட்டர் விலகிப் போக வேண்டும். கார் மோதிவிட்டால், ஒன்றிய நாடுகள் எல்லாவற்றிலும் அந்தக் காரின் கட்டாயக் காப்பீடு சைக்கிளோட்டியின் காயத்தையும் சேதத்தையும் ஈடுசெய்தாக வேண்டும். எவ்வளவு என்பது அந்தந்த நாட்டின் உரிமையியல் சட்டப்படி. ஜெர்மனியில் ஓட்டுநரின் தவறு நிரூபணமாகாவிட்டாலும் கார் உரிமையாளருக்குப் பொறுப்பு உண்டு. உங்கள் பக்கம் தவறு இருந்தால் தொகை குறையும். மோதியவர் நிற்காமல் ஓடிவிட்டாலும் உடற்காயத்துக்கு இழப்பீடு தரும் அமைப்பு ஒவ்வோர் ஒன்றிய நாட்டிலும் இருக்கிறது. சைக்கிள் மட்டும் நொறுங்கியிருந்தால் அங்கே பெரும்பாலும் கிடைக்காது.

விழுந்து எழுந்த அந்த ஐந்து நிமிடம் முக்கியமானது. ஓட்டுநர் இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டு, “ஒன்றும் ஆகவில்லையே?” என்பார். பதற்றத்தில் வலி தெரியாது; “பரவாயில்லை” என்று சொல்லி அனுப்பிவிடத் தோன்றும். தயவுசெய்து அனுப்பாதீர்கள். 112-ஐ அழைத்துப் போலீசை வரவழையுங்கள். சைக்கிளை நகர்த்தும் முன் அது கிடந்த இடம், காரின் எண் பலகை, சாலையில் டயர் தடம், எதிரே இருக்கும் கிலோமீட்டர் கல் எல்லாவற்றையும் படம் பிடியுங்கள். கார்களில் ஐரோப்பிய விபத்து அறிக்கைப் படிவம் இருப்பது வழக்கம், அதைக் கேட்டு நிரப்புங்கள். புரியாத மொழியில் எதிலும் கையெழுத்திட வேண்டாம். அன்றே மருத்துவரிடம் காட்டிச் சான்று வாங்கிவிடுங்கள். மூன்று நாள் கழித்துத் தோள் வீங்கினால், இந்த விபத்தால்தான் என்று சொல்ல உங்களிடம் வேறெதுவும் இருக்காது. 112 ஒன்றிய நாடுகள் முழுவதும் இலவசம். ஆனால் ஜெர்மனி உள்ளிட்ட சில நாடுகளில் சிம் இல்லாத போனிலிருந்து அழைக்க முடியாது. சேர்பியாவில் போலீசுக்கு 192, தீயணைப்புக்கு 193, ஆம்புலன்சுக்கு 194.

விசாவுக்காக எடுக்கும் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கானது. சைக்கிள் திருட்டு அதில் வராது. நீங்கள் நடைபயணி ஒருவர்மீது மோதிவிட்டால் அவருக்குத் தரவேண்டிய இழப்பீடும் பல பாலிசிகளில் இருக்காது, அல்லது மிகக் குறைவாக இருக்கும். சேர்பியா அடங்குமா, சைக்கிள் பயணத்தைச் சாகச விளையாட்டு என்று சொல்லி விலக்கியிருக்கிறார்களா என்பதை வாங்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள். ஐரோப்பாவில் வாழும் தமிழர்களிடம் ஐரோப்பிய நலக் காப்பீட்டு அட்டை இருக்கும். அது அரசு மருத்துவ வசதிக்கு உதவும்; தாயகம் திருப்பி அனுப்பும் செலவைத் தராது. சேர்பியாவுக்குத் தனி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

சைக்கிள் திருடுபோனால் போலீஸ் புகார் இல்லாமல் எந்தக் காப்பீடும் அசையாது. பெடல் அச்சுக்கு அடியில், சைக்கிளின் சட்டகத்தில் பொறித்திருக்கும் எண்ணைக் கிளம்பும் முன்பே படம் எடுத்து வையுங்கள், வாங்கிய ரசீதும் கூடவே இருக்கட்டும். மொழி தெரியாதே என்று புகாரைக் கைவிட வேண்டாம். 2012/29 எண் ஐரோப்பிய ஆணை, குற்றத்தால் பாதிக்கப்பட்டவர் தமக்குப் புரியும் மொழியிலோ மொழி உதவியுடனோ புகார் தர வழி செய்கிறது. நம் எஃப்.ஐ.ஆர். நகல் போல எழுத்து வடிவ ஒப்புகையும் கேட்டுப் பெறலாம். நீங்கள் எந்த நாட்டுக் குடிமகன் என்பது இதற்குத் தடையில்லை. ஜெர்மனியில் வசிப்பவர் ருமேனியாவில் பறிகொடுத்து, அங்கே புகார் தர முடியாமல் போனால், திரும்பிவந்து ஜெர்மன் போலீசிடமே கொடுக்கலாம்.

தனியே போகும் பெண்களுக்கு: ஜெர்மனியில் 116 016, ஆஸ்திரியாவில் 0800 222 555 ஆகியவை இரவு பகலாக இயங்கும் இலவச உதவி எண்கள். வன்முறை நடந்துவிட்டால் குளிக்காமல், உடை மாற்றாமல் மருத்துவமனைக்குச் செல்வது தடயத்தைக் காக்கும். புகார் கொடுப்பதா என்று பிறகு நிதானமாக முடிவு செய்யலாம்.

ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஆபத்துகள் வேறு வகை. இரும்பு வாயில் பள்ளத்தாக்கின் சேர்பியக் கரையில் வரிசையாகச் சுரங்கப் பாதைகள், பலவற்றில் விளக்கே இல்லை. நல்ல வெயிலில் உள்ளே நுழைந்ததும் கண் இருண்டு, சாலை ஓரம் தெரியாமல் போகும். பின்னால் லாரி ஒன்றின் சத்தம் மட்டும் பெருகிக்கொண்டே வரும். முன்னும் பின்னும் விளக்கைப் போட்டு, கருப்புக் கண்ணாடியைக் கழற்றி, வண்டிகள் போனபிறகு நுழையுங்கள். ருமேனியாவில் ஆட்டுமந்தைக் காவல் நாய்கள் கூட்டமாகத் துரத்தும். வேகமெடுத்தால் அவையும் வேகமெடுக்கும். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு, மெல்ல நடந்து கடப்பதே சரி. கடித்துவிட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஊசிக்கு மருத்துவமனை போங்கள். உண்ணிகளை அலட்சியப்படுத்தாதீர்கள். பவேரியா, ஆஸ்திரியா, ஹங்கேரிப் பகுதிகளில் அவை பரப்பும் மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி இருக்கிறது. லைம் நோய்க்கு ஊசி இல்லை. கடித்த இடத்தைச் சுற்றிச் செந்நிற வளையம் விரிந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

பாதை ஆற்றை ஒட்டியே போவதால் வெள்ளத்தில் முதலில் முழுகுவதும் அதுதான். 2013 ஜூனில் பாஸாவில் நீர்மட்டம் 12.89 மீட்டர் வரை ஏறியது. 2024 செப்டம்பரில் கீழ் ஆஸ்திரியா மூழ்கியது. அடைப்புப் பலகையைத் தாண்டிப் போகாதீர்கள். குரோஷியாவின் பரான்யா பகுதியில் 1991–95 போரில் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டிருந்தன. பல்லாண்டுகள் அகற்றும் பணி நடந்த நிலம் அது. பழைய எச்சரிக்கைப் பலகை கண்ணில் பட்டாலும் பாதையைவிட்டு இறங்க வேண்டாம். ருமேனியாவின் துல்சியா மாவட்டத்துக்கு நேர் எதிரே இருக்கும் உக்ரைனின் இஸ்மாயில், ரேனி துறைமுகங்கள் 2023 முதல் ட்ரோன் தாக்குதலுக்கு ஆளாகி வருகின்றன. சிதறல்கள் ருமேனிய மண்ணிலும் விழுந்திருக்கின்றன. போனில் ‘ரோ-அலர்ட்’ எச்சரிக்கை அலறினால் கட்டடத்துக்குள் ஒதுங்குங்கள். பயணத்தைக் கருங்கடல் கரையிலுள்ள கான்ஸ்டான்சாவில் முடித்துக்கொள்வதே இப்போதைக்கு நல்லது என்பது என் கருத்து.

எல்லையில் குழப்பமோ விபத்து வழக்கோ, எந்தக் காரணத்துக்காக உங்களைத் தடுத்து வைத்தாலும், 1963ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உறவு ஒப்பந்தத்தின் 36ஆம் பிரிவுப்படி உங்கள் நாட்டுத் தூதரகத்துக்குத் தெரிவிக்கும்படி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நீங்கள் கேட்டால்தான் தெரிவிப்பார்கள். தூதரக எண்களைத் தாளில் எழுதி வையுங்கள், போனைப் பறித்து வைத்துவிடலாம்.

விமானத்தில் ஏற்றிய சைக்கிள் நொறுங்கி வந்தால் மான்ட்ரியல் ஒப்பந்தம் துணை நிற்கும். இந்தியாவும் இலங்கையும் அதில் சேர்ந்த நாடுகள்தாம். இழப்பீட்டு உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு), தோராயமாக 2,000 டாலர். அதைவிட விலை கூடிய சைக்கிள் என்றால், ஏற்றும்போதே மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் கட்டலாம். பெட்டியை வீட்டில் போய்ப் பிரித்துக்கொள்ளலாம் என்று வெளியேறிவிடாதீர்கள். விமான நிலையத்திலேயே திறந்து, ஃபோர்க், கியர் கொக்கி, சக்கர வளையம் மூன்றையும் பார்த்து, சேதமிருந்தால் அங்கேயே அறிக்கை பதிவு செய்து நகல் வாங்குங்கள். அதன்பின் எழுத்துப் புகாருக்கு 7 நாள் கெடு. பெட்டி தாமதமாக வந்தது என்றால் 21 நாள். அதற்கும் பணியாத நிறுவனத்தின் மேல் வழக்குப் போட இரண்டு ஆண்டு வரை அவகாசம் இருக்கிறது.